கரை சேர்த்த கை

“ஆண்டவன் காப்பாற்றினான்!”

நீர் சொட்டச் சொட்டக் கரையிலே கிடத்தப்பட்டவன் கண் திறந்ததும், சூழ நிற்போர் வாயிலிருந்து முதலில் புறப்படும் சொல் இதுதான். தாய் கை கூப்புகிறாள். உற்றார் கண்ணீர் துடைக்கின்றனர். நேர்த்திக்கடன் நினைவுக்கு வருகிறது. எந்தக் கோயிலுக்கு எத்தனை தேங்காய், எந்த மாதா கோவிலுக்கு எத்தனை மெழுகுவர்த்தி, எந்தத் தர்காவுக்கு எவ்வளவு சர்க்கரை என்று கணக்குப் பார்க்கப்படுகிறது. கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி ஒருவன் நிற்கிறான், ஈரக் கைலியைப் பிழிந்தபடி. மூச்சு இரைக்கிறது அவனுக்கு. பாதியிலே விட்டுவிட்டுப் பாய்ந்த வலை என்னவாயிற்றோ என்று அவன் கண்கள் ஏரியைத் துழாவுகின்றன. தேங்காய்க் கணக்கிலும் அவன் இல்லை, மெழுகுவர்த்திக் கணக்கிலும் அவன் இல்லை!

கேட்கிறோம், தோழர்களே: காப்பாற்றியது யார்?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. வம்புக்கு இழுக்கும் கேள்வியும் அல்ல. ஓர் உயிர் பிழைத்ததற்கு யாரைக் காரணம் என்கிறோமோ, அவரிடமே அடுத்த உயிருக்கும் பொறுப்பை ஒப்படைக்கிறோம். ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டால், உயிர்க்கவசம் வாங்கத் தேவையில்லை. படகுக்கு எத்தனை பேர் என்று எண்ணத் தேவையில்லை. நீந்தத் தெரிந்தவனுக்கு ஒரு கயிறு வாங்கிக் கொடுக்கவும் தேவையில்லை. ஆகவேதான் இந்தக் கேள்வியை நாம் பிடித்துக்கொள்கிறோம்.

பழவேற்காடு நம் நாட்டிலே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் சிதைவையும் அவர்தம் கல்லறைகளையும் காணவும், படகிலே ஏரியைச் சுற்றி முகத்துவாரம் வரை போய்வரவும் சென்னையிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் மக்கள் வருவது வழக்கம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. குடும்பம் குடும்பமாக வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போன மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்தது. 22 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். உயிர்க்கவசம் இல்லை. தண்ணீரிலே முதலில் இறங்கித் தேடியவர்கள் குப்பத்து மீனவர்கள். உடல்களைக் கரைக்குக் கொணர்ந்தவர்களிலும் அவர்களே முன்னின்றனர். அதன் பின்னர் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. செய்தித்தாள்கள் நாலு நாள் எழுதின. ஊர் என்ன சொல்லிற்று? “விதி!” என்றது.

பிழைத்தால் ஆண்டவன், மாண்டால் விதி! வரவு ஒருவர் பெயரில், செலவு மற்றொருவர் பெயரில்! எந்த வணிகனாவது இப்படிக் கணக்கு எழுதினால் விடுவோமா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் “விதியே!” என்று நெஞ்சிலே அறைந்துகொள்கிறாள் என்றால், அவள் எதிரிலே நின்று கடவுள் மறுப்புப் பேசுவது பகுத்தறிவாளன் வேலை அல்ல. அவளுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. துக்கத்துக்கு இலக்கணம் பார்க்கும் கல்நெஞ்சம் நமக்கு வேண்டாம். நம் வழக்கு அவளோடு இல்லை. அதே சொல்லை, அழாத கண்ணோடு, கோப்பை மூடும்போது உச்சரிக்கிறானே ஒருவன், அவனோடுதான் வழக்கு.

உயிரை ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பத்துக்கு ஒப்பிட்டார் கணியன் பூங்குன்றனார். அந்தப் பாட்டின் முதலடியை மேடைதோறும் முழங்கும் நாம், தெப்பத்தைப் பற்றிய பகுதியை மெல்ல விட்டுவிடுவதுண்டு! விடவேண்டியதில்லை. பெரியோரைக் கண்டு வியக்கவும் வேண்டாம், சிறியோரை இகழவும் வேண்டாம் என்ற முடிவுக்கு வர அவருக்கு அந்த உவமை உதவிற்று. ஆனால் பழவேற்காட்டு மீனவனிடம் அதே தெப்பத்தைக் கொடுத்துப் பாருங்கள், அவன் கேட்கும் முதல் கேள்வி, “கோல் எங்கே?” என்பதாகத்தான் இருக்கும். நீர் இழுக்கும் வழியே போவதற்குக் கோல் எதற்கு? எதிர்த்துப் போவதற்குத்தானே!

நகரத்துக்கு வருவோம். 2014 ஜூன் 28. சென்னையை ஒட்டிய மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்த மாலையிலே சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். மாண்டவர்களில் மிகப் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்தும் கல் சுமக்க வந்த கூலிகள். கட்டடம் ஏன் விழுந்தது? “இடி விழுந்தது, அதனால் விழுந்தது” என்று கட்டியவர் தரப்பிலே சொல்லப்பட்டது! வானத்தின் மேல் பழி! பின்னர் அமைந்த விசாரணை ஆணையம் கட்டுமானத்தின் குறைகளையே காரணமாகக் காட்டிற்று. இந்திரனுக்கு அதிலே பங்கில்லை என்று தெரிந்தது.

அந்த இடிபாட்டிலே, தமிழ்நாடு தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையினரும், அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் ஏறத்தாழ ஒரு வாரம் உழைத்தனர். மூன்றாம் நாளிலும் ஒருவரை உயிரோடு எடுத்தனர். எப்படி எடுத்தனர்? ஆர்வத்தால் மட்டுமா? அல்ல. கான்கிரீட் பாளங்களின் இடுக்கிலே உயிர் இருக்கிறதா என்று அறிய, முதலில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொல்வார்கள். கூக்குரல் நிற்கும். ஆயிரம் பேர் கூடிய இடத்திலே அமைதி! ஒருவர் குரல் கொடுப்பார், மற்றவர் காது கொடுப்பார். நாய் மோப்பம் பிடிக்கும். பிறகு சாயும் சுவருக்கு மரமுட்டுக் கொடுத்து, எந்தப் பாளத்தை எடுத்தால் எந்தப் பாளம் சரியும் என்று பொறியாளர் கணக்கிட்ட பின்பே துளை போடுவார்கள். தேடல், மீட்பு, மருத்துவம், பொறியியல் நான்கும் ஒரே குழுவுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை.

மருத்துவர் எதற்கு என்று கேட்கலாம். எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் போதாதா? போதாது. இதை ஊன்றிக் கவனியுங்கள். பல மணி நேரம் தூணுக்கடியில் நசுங்கிக் கிடந்த தொடையின் தசை சிதைந்து நச்சுப் பொருள்களைத் தேக்கி வைக்கிறது. தூணைச் சட்டென்று தூக்கினால், அடைபட்டிருந்த இரத்தம் அந்த நஞ்சைச் சுமந்துகொண்டு நெஞ்சுக்கு ஓடுகிறது. பேசிக்கொண்டிருந்தவன், “பிழைத்தேன்” என்று சிரித்தவன், சற்று நேரத்தில் சாகிறான். அல்லது சில நாட்களில் சிறுநீரகம் கெட்டுச் சாகிறான். இரண்டாம் உலகப்போரிலே இலண்டன்மீது குண்டுமாரி பொழிந்தபோது, இடிபாட்டிலிருந்து நலமாக மீட்கப்பட்டதாக நினைத்தவர்கள் இவ்வாறு மாண்டதை ஆராய்ந்து, பைவாட்டர்ஸ், பீல் என்னும் மருத்துவர்கள் 1941-இல் எழுதினர். அதனாலேதான் இன்று, தூணைத் தூக்குமுன்பே, இடிபாட்டுக்குள் ஊர்ந்து சென்று நாளத்திலே உப்புநீர் ஏற்றுகிறார்கள்.

அன்பு நிறைந்த நெஞ்சோடு ஓடிவந்து தூணைத் தூக்கியவன் கொலை செய்துவிடுகிறான்! அவன் நல்லவன்தான், ஐயமில்லை. ஆனால் அறியாதவன். அருள் வேறு, அறிவு வேறு என்று பிரித்து, அருளுக்குக் கோயிலிலும் அறிவுக்குக் கல்லூரியிலும் இடம் ஒதுக்கினார்களே நம் பெரியவர்கள், அந்தப் பிரிவினை இந்தத் தூணடியிலே நொறுங்கிப் போகிறது. அங்கே கிடப்பவனுக்கு, அறிவில்லாத அருள் நஞ்சாகிறது. அவன்பால் நமக்கு இரக்கம் உண்மையாக உண்டென்றால், அது விபத்து நடப்பதற்கு முந்தைய நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியாக, கருவியாக, பட்டியலாக.

அமெரிக்காவிலே இத்தகைய நகர்ப்புறத் தேடல் மீட்புக் குழுக்கள் 28 உள்ளன. அவற்றைத் தாங்கி நடத்துவோர் பெரும்பாலும் உள்ளூர்த் தீயணைப்புத் துறையினர். ஊரின் தீயணைப்பு வீரர்களோடு அவ்வூர் மருத்துவரும் பொறியாளரும் நாய் பழக்குவோரும் பெயர் பதிந்திருப்பர். அன்றாடம் தத்தம் தொழில். அழைப்பு வந்தால் நாட்டின் எந்த மூலைக்கும் பயணம். குழுவை வைத்திருப்பது ஊர்; செலவிலே பங்கு தருவது நடுவணரசு. மெக்சிகோவின் கதை வேறு. 1985 செப்டம்பரிலே தலைநகர் நிலநடுக்கத்தில் நொறுங்கியபோது, அரசு திகைத்து நின்றது; தெருவிலிருந்த இளைஞர்கள் வெறுங்கையோடு இடிபாட்டுக்குள் நுழைந்தார்கள். எலி வளை தோண்டுவதுபோல் தோண்டியதால் ‘தோப்போஸ்’ என்று பெயர் பெற்றார்கள். அதோடு கலைந்துவிடவில்லை. அமைப்பானார்கள், கற்றார்கள், பிற நாடுகளுக்கும் சென்று உயிர் மீட்டார்கள். துணிவு ஒரு நாளிலே வந்தது. திறமை பல ஆண்டுகளில் வந்தது.

நம் நாட்டிலே பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் வந்தது. மீட்புப் படை 2006-இல் அமைந்தது. இன்று 16 படைப்பிரிவுகள் உள்ளன. ஆழிப்பேரலை வந்து ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போன பிறகு வந்த சட்டம் என்பதையும் மறக்கலாகாது.

நகரத்துக்கு இடிபாட்டுப் படை உண்டு. நல்லது. நகரமே நீரில் மூழ்கினால்? 2015 டிசம்பரிலே அதையும் கண்டோம். அடையாறு கரை புரண்டது. மாடி வீட்டார் மொட்டை மாடியில் நின்று கையசைத்தனர். காசிமேட்டிலிருந்தும் பிற கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் படகுகளை லாரியிலேற்றிக் கொண்டுவந்து, முன்பின் பார்த்திராத தெருக்களிலே செலுத்தினார்கள் மீனவர்கள். மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிய சீமான்கள், அந்த நாற்றத்துக்குள் ஏறி உட்கார்ந்து உயிர் பிழைத்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது 669 படகுகளோடு நான்காயிரத்துக்கு மேற்பட்ட மீனவர் இறங்கினர் என்றும், அவர்கள் மீட்டோர் 65,000 பேர் என்றும் அந்த அரசு கணக்குச் சொல்லிற்று. ‘எங்கள் படை இவர்கள்’ என்று நாடே கொண்டாடிற்று.

கொண்டாட்டத்துக்கு இடையே 2017-ஐ நினைக்கிறோம். நவம்பர் இறுதி. ஒக்கிப் புயல். குமரிமாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலிலே இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டும் முன்பே காற்று எட்டிற்று. தேடல் போதவில்லை, தொலைவுக்குப் போகவில்லை என்று கரையிலிருந்தோர் கதறினர். தங்கள் படகுகளிலேயே மீனவர்கள் தேடப் புறப்பட்டனர். குழித்துறை ரயில் நிலையத்தின் தண்டவாளத்தில் பெண்களும் முதியோரும் பாதிரிமாரும் அமர்ந்து, ‘எங்கள் பிள்ளைகளைத் தேடுங்கள்’ என்று கேட்க வேண்டியிருந்தது! நகரம் மூழ்கினால் குப்பம் வருகிறது. குப்பத்தான் மூழ்கினால் யார் வருகிறார்? பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து, அலை புரட்டிப் படகு கவிழ்வதும், அதை நிலைப்படுத்துங்கள் என்று குப்பங்கள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்ததும், மிகவும் காலம் தாழ்ந்தே அரசு சுவர் கட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்ததும் இதே கதையின் மற்றோர் ஏடு.

“தம்பி, அன்பினால் செய்த உதவிக்குப் பட்டியல் போட்டு, படி கொடுத்து, கூலி வேலை ஆக்கிவிடப் பார்க்கிறாயே!” என்று நண்பரொருவர் நம்மைக் கடிந்துகொண்டார். நல்ல கேள்வி. தள்ளிவிடத் தக்கதல்ல. கேரள அரசு படகொன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று அறிவித்தபோது, ‘உடன்பிறந்தாரை மீட்டதற்குக் காசா?’ என்று வேண்டாமென்ற மீனவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்கு முன்னே தலை தாழ்கிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுடையது. தராமலிருக்கும் உரிமை நம்முடையதாகுமா? அவன் பெருந்தன்மையை நம் கஞ்சத்தனத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடலாமா? சுவரிலே மோதிக் கிழிந்த படகின் அடிப்பாகம், பழுதான எஞ்சின், தொழிலுக்குப் போகாத நாட்கள் இவை அன்பினால் சரியாகிவிடா. தீயணைப்பு வீரனுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். அதனால் அவன் துணிவு மலிந்துவிட்டதா? 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது, ஓடாமல் நின்று மாண்ட தீயணைப்போர் 66 பேர். அவர்கள் அனைவரும் சம்பளக்காரர்களே.

ஊர்மக்களுக்கு மீட்புப் பயிற்சி தர ‘ஆப்த மித்ரா’ என்றொரு நடுவணரசுத் திட்டம் 2016-இல் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களுக்கு ஒரு இலட்சம் பேர் என்று விரிந்தது. பயிற்சியும் கருவிப் பையும் காப்பீடும் அதிலே உண்டு. திட்டத்தை வரவேற்கிறோம். குப்பத்துக்காரன் வாயில் நுழையும் பெயராக வைத்திருக்கலாம்! அது போகட்டும், அந்த ஒரு இலட்சத்திலே கோல் ஊன்றத் தெரிந்த கைகள் எத்தனை என்பதே நமக்குக் கவலை.

இனி, சொல்லக் கசப்பான ஒன்று. மீனவனைப் புகழ்ந்தோம்; அவன் ஏரியையும் பார்ப்போம். பழவேற்காட்டிலே ‘பாடு’ என்றொரு முறை. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை இடுவது என்று குப்பங்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. சண்டை தவிர்க்கும் நல்ல ஏற்பாடு என்று ஆராய்ச்சியாளர் பாராட்டுவர். ஆம், பாராட்டத்தக்க கூறு உண்டு. ஆனால் அந்தப் பங்கு தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு, பிறப்பு வழியாக, ஒரு மீனவச் சாதியார் ஊர்களுக்கே உரியதாக நெடுங்காலம் நின்றது. அதே ஏரிக்கரையில் பிறந்த தாழ்த்தப்பட்டோர் வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்கள் இறங்கக் கேட்டபோது பூசல்கள் நேர்ந்தன. தண்ணீருக்கும் வருணம்! நம் குப்பமாயிற்றே, உழைப்பாளியாயிற்றே என்று இதை மூடி மறைத்தால், அக்கிரகாரத்தைக் கேள்வி கேட்க நமக்கு வாய் ஏது?

கவிழ்ந்த படகிலிருந்து கையை நீட்டுபவனிடம் ‘நீ எந்தத் தலைக்கட்டு?’ என்று எவனும் கேட்பதில்லை. அந்த நொடியிலே சாதி இல்லை. கரைக்கு வந்ததும் ஏன் திரும்பி வருகிறது? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகைப் பகுதி முகாம்களில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வரிசை, தனித் தண்ணீர் என்று நடந்த கொடுமைகளை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அழுகிய உடல்களை அள்ள, நகராட்சிகள்தோறும் இருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களும் மீட்புக்குழு அல்லவா? அவர்களுக்கு மாலை போட்ட மேடை எது? கேரள வெள்ளத்திலும், மீட்க வந்தவன் வேற்று மதத்து மீனவன் என்று படகிலேறத் தயங்கிய மேல்சாதிக் குடும்பம் ஒன்றைப் பற்றிச் செய்தி வந்தது. கழுத்தளவு நீரிலும் கழுவப்படாத அழுக்கு!

பழவேற்காட்டுப் பகுதிப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புக்கு நாம் பாடம் நடத்துகிறோம். பிள்ளைகளில் பாதிப்பேர் குப்பத்தார். நம்மைவிட நன்றாக நீந்துபவர்கள். நீரில் மூழ்கியவனை எடுத்ததும் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டோம். ‘தலைகீழாகத் தூக்கிச் சுற்றணும் சார்’ என்றான் ஒருவன். ‘வயித்தை அமுக்கித் தண்ணியை எடுக்கணும்’ என்றாள் ஒருத்தி. ‘மந்திரிக்கணும்’ என்றது கடைசி வரிசை. யாரும் சிரிக்கவில்லை, அவர்கள் கண்ட வழி அதுதான். தண்ணீரை வெளியேற்றுவதிலே செலவிடும் ஒவ்வொரு நொடியும் மூளைக்குக் காற்றில்லாத நொடி. மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, வாயோடு வாய்வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும், மூச்சும் துடிப்பும் இல்லையேல் நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் அழுத்த வேண்டும், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்று சொன்னோம். உமி அடைத்த சாக்கைக் கிடத்தி ஒவ்வொருவராக அழுத்திப் பழகினார்கள். மணி அடித்த பிறகும் போகவில்லை.

கடைசியில் ஒரு பையன் கேட்டான்: “சார், படகுல ரெண்டு பேருதான் போவோம். நான் ஊதிக்கிட்டு இருந்தா அவன் அமுக்கணும். அப்ப படகை யாரு கரைக்கு ஓட்டுறது?”

புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. மாலையிலே அவன் தந்தையைக் கரையில் கண்டு கேட்டோம். வலையிலிருந்து கண்ணெடுக்காமல் அவர் சொன்னார்: “மூணாவது ஆளு வேணும் வாத்தியாரே.”